நுணுக்கமான டை ஒரு மூலையில் வெட்டலை, எம்பாஸ் பண்ணினா தாள் வெடிக்குது: எங்கே கோளாறு?

காகிதப்பூ

மெஷின் கையால் சுற்றும் ரோலர் வகை, வாய் 6 அங்குலம். டை (தாளை வடிவமா வெட்டுற அச்சு) மெல்லிய உலோகத் தகடு, ஜன்னல் ஜாலி மாதிரி நெருக்கமான பூ வேலைப்பாடு, 95 x 135 மி.மீ. தாள் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) ஆர்ட் போர்டு. அறுபதாம் கல்யாண அழைப்பிதழ், 40 வேணும்.

ஜாலியோட ஒரு மூலை வெட்டுப்படவே மாட்டேங்குது. அடியில ரெண்டு ஜெராக்ஸ் தாள் கொடுத்தா அந்த மூலை வெட்டுது, ஆனா மத்த இடமெல்லாம் பிளேட்ல பள்ளம் விழுது, கைப்பிடியைச் சுத்தவே முடியலை. அதே தாளை 3டி எம்பாசிங் ஃபோல்டர்ல (தாளில் மேடு பள்ளமா வடிவம் பதிக்கிற மடிப்புத் தகடு) விட்டா மேட்டு உச்சியில வெடிச்சு உள்ளே இருக்கிற வெள்ளை தெரியுது. டை மட்டமா, மெஷின் தேய்ஞ்சிருக்கா?

மடிப்புக்கோடு

எதையும் இப்பவே குற்றம் சொல்லாதீங்க. வெட்டாத இடம் எதோடு சேர்ந்து நகருதுன்னு பார்த்தா போதும், குற்றவாளி தானா தெரிஞ்சிரும்.

டையையும் தாளையும் நடுவில் வைக்கிற ரெண்டு வெட்டுப் பிளேட்டிலும் மார்க்கரால் ‘மேல்’, ‘கீழ்’ எழுதி, மெஷினுக்குள் முதலில் போகும் விளிம்பில் ஒரு அம்புக்குறி போடுங்க. கூடுதல் தாள் எதுவும் வைக்காம, அதே போர்டின் துண்டில் ஒரு தடவை வெட்டி, வெட்டாத இடத்தைப் பேனாவால் வட்டம் போடுங்க. அடுத்து டையை மட்டும் 180 டிகிரி திருப்பி வெட்டுங்க. அதே இதழ், அதே வளைவுதான் மறுபடியும் வெட்டலைன்னா கோளாறு டையில். வேற இதழ் வெட்டலைன்னா டை சுத்தம். அப்புறம் டையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து மேல் பிளேட்டை மட்டும் திருப்புங்க, அதுக்கப்புறம் கீழ் பிளேட்டை மட்டும். எதைத் திருப்பும்போது வெட்டாத இடம் இடம் மாறுதோ அதுதான் வளைஞ்சோ தேய்ஞ்சோ இருக்கு. எதைத் திருப்பினாலும் மெஷினோட ஒரே பக்கத்தில்தான் வெட்டலைன்னா மட்டும் ரோலரைச் சந்தேகப்படலாம். அது அபூர்வம்.

இன்னொண்ணு, டையை நேரா வைக்காதீங்க. நீளமான நேர்க்கோட்டு விளிம்பு ரோலருக்கு இணையா போனா முழு நீளமும் ஒரே நொடியில் அழுத்தத்தை வாங்குது; கைப்பிடி இறுகுறது அதனாலதான். 10–15 டிகிரி சாய்ச்சு வைங்க. உங்க டையை 15 டிகிரி சாய்ச்சாலும் அகலம் 127 மி.மீ. தான் வரும், 6 அங்குல வாய்க்குள் தாராளமா போகும்.

பஞ்சிங்மேசை

அச்சகத்தில் பஞ்சிங் (டையால் அட்டையை வெட்டுற மெஷின்) ஓட்டுறவங்களுக்கு இது தினசரி வேலை. ஒரு மூலை வெட்டலைன்னா பிரஷரை ஏத்த மாட்டாங்க. ஏத்தினா வெட்டிக்கிட்டிருக்கிற பக்கமெல்லாம் பிளேடு மழுங்கும். வெட்டாத இடத்துக்கு நேர் பின்னாடி மட்டும் ஒட்டு கொடுப்பாங்க. மேக்-ரெடின்னு சொல்வோம். ஒரு வேலைக்கு டை செட் பண்ற நேரத்துல பாதி இதுக்கே போகும். வீட்டு மெஷினிலும் அதே கணக்குதான்.

முழு ஜெராக்ஸ் தாள் ரெண்டு வைக்கிறது தப்பு. 75 ஜி.எஸ்.எம். தாள் சுமார் 0.1 மி.மீ. கனம், ரெண்டு வைச்சா 0.2. குறை இருக்கிறது ஒரு மூலையில், நீங்க ஏத்தினது முழுப் பரப்புக்கும்.

செய்முறை: ஒரே ஒரு ஜெராக்ஸ் தாளை பிளேட் அளவுக்கு வெட்டி, அதில் டை உட்காரும் இடத்தைப் பென்சிலால் வரைஞ்சுக்குங்க. வெட்டாத இடத்துக்கு நேரா சாதா செல்லோ டேப் ஒரு அடுக்கு. ஓட்டிப் பாருங்க. போதலைன்னா அதுக்கு மேல இன்னொரு அடுக்கு, ஆனா முதல் அடுக்கைவிட எல்லாப் பக்கமும் 5 மி.மீ. சின்னதா. ஒரே அளவில் அடுக்கினா விளிம்பில் படி மாதிரி நின்னு அந்தக் கோடு தாளில் பதியும். இந்த ஒட்டுத்தாள், எல்லாத்துக்கும் அடியில் இருக்கிற பேஸ் பிளேட்டுக்கும் கீழ் வெட்டுப் பிளேட்டுக்கும் நடுவில் போகணும்.

40 பிரதின்னா டை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் உட்காரணும், இல்லன்னா ஒட்டு வேற எங்கேயோ அழுத்தும். கீழ் பிளேட்டில் மாஸ்கிங் டேப்பை மூணு நாலு மடிப்பா ‘ட’ வடிவத்தில் ஒட்டி, டையின் ஒரு மூலையை அதில் முட்டவைங்க. வேலை முடிஞ்சதும் ஒட்டுத்தாளை டையோடவே உறையில் போட்டு வைங்க, அடுத்த தடவை உதவும்.

காகிதப்பூ

சோதனை பண்ணிட்டேன். கீழ் பிளேட்டைத் திருப்பினதும் வெட்டாத இடம் எதிர் மூலைக்குப் போயிடுச்சு. ஆனா ரெண்டு சின்ன இதழ் மட்டும் டையோடவே நகருது.

மடிப்புக்கோடு

அப்போ ரெண்டு கோளாறு ஒண்ணா சேர்ந்திருக்கு. பிளேட் வளைவுக்குக் காரணம் எப்பவும் ஒரே முகத்தில் வெட்டுறது. ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேட்டைப் புரட்டிப் போடணும். வளைஞ்ச பிளேட்டைப் புரட்டி வைச்சு ரெண்டு மூணு வெட்டு ஓட்டினா பெரும்பாலும் நேராகிடும். அந்த ரெண்டு இதழுக்குப் பஞ்சிங்மேசை சொன்ன ஒட்டு. ஆர்ட் போர்டு நெருக்கமான ஜாலிக்கு நல்ல தாள்தான், விளிம்பு சுத்தமா வரும். ஆனா 300 தேவையில்லை. மேலே ஒட்டப்போற ஜாலிக்கு 200–220 போதும், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

ஜிகினா_டப்பா

டையை அலுமினியத் தாளில் நாலஞ்சு தடவை ஓட்டினா கூர்மையாகும்னு சொல்றாங்களே?

பஞ்சிங்மேசை

ஆகாது. மெல்லிய டைகள் இரும்புத் தகட்டை ரசாயனத்தால் அரித்துச் செய்றவை. அரிக்காமல் விட்ட மேடுதான் கத்தி. அதை அலுமினியம் தீட்டாது. இடுக்கில் சிக்கின தாள் நார், பசை, தூசு வெளியே வரும், அதனால நல்லா வெட்டுற மாதிரி தெரியும். பழைய டூத்பிரஷ்ஷும் அதையேதான் செய்யும்.

ஜிகினா_டப்பா

ஆனாலும் ஃபாயில் மலிவு 🙂

மடிப்புக்கோடு

ஜாலி டையிலிருந்து தாளை எடுக்கத் திண்டாடுறவங்களுக்கு: டைக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு மெழுகுத்தாள் துண்டு. வெட்டுப்பட்ட தாள் கத்தி இடுக்கில் கவ்விக்காம கழண்டு வரும். டையின் முதுகில் இருக்கிற சின்ன ஓட்டைகள் எல்லாம் ஊசியால் தள்ளி எடுக்கத்தான். பழைய மவுஸ் பேட் மேல வைச்சுத் தள்ளினா ஊசிமுனை உடையாது. தாள் நகராமல் இருக்க டேப் ஒட்டும்போது டேப்பை முதல்ல துணியில் ரெண்டு தடவை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைச்சுக்குங்க. இல்லன்னா ஆர்ட் போர்டின் மேல்தோல் உரிஞ்சு வந்துடும்.

தாள்வாசம்

ரெண்டாவது கேள்விக்கு யாருமே போகலை. எம்பாஸ் வெடிக்கிறதுக்குக் காரணம் ஃபோல்டர் இல்லை, தாள்தான். ஆர்ட் போர்டு மேலே இருக்கிறது கனிமப் பூச்சு. அது நீளாது. அடியில் நார் நீளும்போது பூச்சு பிளக்குது. அதே பூச்சுதான் ஜாலியைச் சுத்தமா வெட்டவும் உதவுது, அதனால ரெண்டு வேலைக்கும் ஒரே தாள் சரிப்படாது. ஜாலிக்கு ஆர்ட் போர்டை வைச்சுக்குங்க. எம்பாஸ் அடுக்குக்குப் பூச்சில்லாத தாள், 220–250 ஜி.எஸ்.எம்.

கடையில் பேரை நம்பாதீங்க. ஒரே பேரில் பூச்சுள்ளதும் இல்லாததும் விக்கிறாங்க. ஈர விரலை ஒரு ஓரத்தில் வைங்க. உறிஞ்சி நிறம் கருத்தா பூச்சில்லை. வழுக்கிக்கிட்டு நீர் மேலயே நின்னா பூச்சு. சென்னையில் இருந்தா பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் சாம்பிள் துண்டு கேட்டு வாங்கி வீட்டில் ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் கட்டு வாங்குங்க.

புதுச்சேரிக் கைத்தாள், பருத்தி நார்த் தாள் எல்லாம் எம்பாஸுக்கு அருமை. நார் நீளம், ஆழமான ஃபோல்டரையும் தாங்கும். ஆனா அதே தாளில் ஜாலி வெட்டினா விளிம்பு பஞ்சு பஞ்சா நிக்கும்.

இனி செய்முறை. தாளின் ரெண்டு பக்கமும் ஸ்ப்ரே பாட்டிலால் ஒரு அடி தூரத்திலிருந்து ஒரே ஒரு வீச்சு. சொட்டு தெரியக்கூடாது, தொட்டா குளிர்ச்சி தெரியணும், அவ்வளவுதான். ஒரு நிமிஷம் விடுங்க, ஈரம் உள்ளே இறங்கட்டும். ஃபோல்டரோட மடிப்பு விளிம்பு முதலில் ரோலருக்குள் போகணும். திறந்த பக்கம் முதலில் போனா மேல் தகடும் கீழ் தகடும் ஒண்ணுக்கொண்ணு நழுவி, மேடு ரெட்டையா தெரியும். 3டி ஃபோல்டர் சாதா ஃபோல்டரைவிடக் கனம். மெஷினோடு வந்த அட்டவணையில் அதுக்குத் தனி அடுக்கு இருக்கும், பெரும்பாலும் ஒரு பிளேட் குறையும். சாதா ஃபோல்டர் அடுக்கிலேயே விட்டா தாள் மட்டுமில்ல, ஃபோல்டரே பிளக்கும். முடிஞ்சதும் பளு எதுவும் வைக்காம தட்டையா காய விடுங்க. புத்தகத்தை மேல வைச்சா மேடு அமுங்கிடும்.

நீரில் கரையும் மையால் ஸ்டாம்ப் பண்ணின தாளை நனைக்காதீங்க, கசியும். எம்பாஸ் முதல்ல, மை பிறகு.

எம்பாசிங்கை அட்டையின் அடித்தாளில் பண்ணாதீங்க. உள்பக்கம் குழிகுழியா இருக்கும், எழுத முடியாது. மேலே ஒட்டும் அடுக்கில் பண்ணுங்க. ஏ6 அட்டை 105 x 148. பரவலா கிடைக்கிற ஃபோல்டர் 4.25 x 5.75 அங்குலம், அதாவது 108 x 146 மி.மீ. அமெரிக்க அட்டை அளவுக்குச் செஞ்சது, நம்ம ஏ6-க்கு உயரத்தில் 2 மி.மீ. பத்தாது. சுற்றிலும் 3 மி.மீ. விட்டு 99 x 142-ன்னு அடுக்கு வெட்டினா ஃபோல்டருக்குள் முழுசா அடங்கும், ஓரமும் அழகா இருக்கும்.

காகிதப்பூ

அடித்தாள் மடிப்பிலும் லேசா வெடிக்குது. அதுவும் ஆர்ட் போர்டுதான்.

மடிப்புக்கோடு

அது நார் ஓடும் திசை. 15 மி.மீ. அகலம், 150 மி.மீ. நீளத்தில் ரெண்டு பட்டை, ஒண்ணு தாளின் நீளவாக்கில், ஒண்ணு அகலவாக்கில் வெட்டி, ரெண்டையும் சேர்த்து ஒரு முனையில் பிடிங்க. தொங்குற பட்டைக்குக் குறுக்கே நார் ஓடுது, விறைப்பா நிக்கிற பட்டைக்கு நீளவாக்கில். மடிப்பு நாரோட போகணும், குறுக்கே போனா உடையும்.

கடை ஏ4-ல் பெரும்பாலும் நார் 297 மி.மீ. பக்கத்தோடு ஓடும். அதை 148.5-ல் ரெண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டையும் 105-ல் மடிச்சா மடிப்பு நாரோட அமையும். தாளை நீளவாக்கில் கிழிச்சு 105 x 297 துண்டாக்கி 148.5-ல் மடிச்சா மடிப்பு நாருக்குக் குறுக்கே. ரெண்டு வழியிலும் கிடைக்கிறது ஒரே அளவு அட்டைதான், ஆனா ஒண்ணு உடையும், ஒண்ணு உடையாது.

கிரீஸ் (மடிக்கிறதுக்கு முன்னாடி அழுத்திப் போடுற கோடு) போட்ட பள்ளம் வெளிப்பக்கம், அதன் முதுகில் எழும் மேடு உள்பக்கம். நிறைய பேர் பள்ளத்துக்குள்ளே மடிக்கிறாங்க, புத்தகம் மூடுற மாதிரி இயல்பாத் தோணுறதால. அப்போ வெளிப்பக்க நார் கூடுதலா இழுபடுது.

பஞ்சிங்மேசை

இதை அச்சகத்துக்காரங்க பாதிப் பேருக்கும் சொல்லிக் கொடுக்கணும்.

ஒட்டுத்துண்டு

கனடாவில இருந்து எழுதுறன். இஞ்ச நாங்கள் ஆல்பப் பக்கம், 12 x 12 அங்குலத்தில செய்யிறம். 6 அங்குல மெஷினில பெரிய தாளை எம்பாஸ் பண்ணேலாது எண்டு கவலைப்படத் தேவையில்லை. 5.5 அங்குல அகலத்தில பட்டையா வெட்டி, ஃபோல்டரை நகர்த்தி நகர்த்தி அழுத்துங்கோ. ஃபோல்டர் முடியிற இடத்தில ஒரு கோடு விழும், அதை மறைக்க ஏலாது. அந்தக் கோட்டுக்கு மேலயே படமோ ரிப்பனோ வாற மாதிரி பக்கத்தை முதலே திட்டமிடுங்கோ.

படத்துக்கு அடியில எம்பாஸ் தாள் வைக்காதேங்கோ. ஆல்பத்தை மூடி அடுக்கினா மேடு படத்தில பதியும். எதிர்ப்பக்கத்தில படம் இருந்தாலும் அப்பிடித்தான். ரெண்டுக்கும் நடுவில உறை இருந்தாலும் காலப்போக்கில தெரியும். பக்கத்துக்குப் பக்கம் ஆல்பத் திருகாணியில ஒரு இடைத்துண்டு போட்டால் நல்லது.

பின்னணி மட் தாளை முழுசா ஒட்டிறது வீண். 4 x 6 படத்துக்கு 4.25 x 6.25 மட் வெட்டினால் தெரியப்போறது சுத்திவர எட்டில ஒரு அங்குலம் மட்டும்தான். நடுவில டையால ஒரு பெரிய வடிவத்தை வெட்டி எடுத்து அதை இன்னொரு பக்கத்துக்குப் பாவியுங்கோ. பக்கத்தின்ர பாரமும் குறையும்.

தாள், பசை வாங்கேக்க அமிலமில்லாதது, லிக்னின் (தாளைப் பழுக்க வைக்கிற மரப்பொருள்) இல்லாதது எண்டு பாருங்கோ. படத்தோட தொடுற பொருளுக்கு ஐ.எஸ்.ஓ. 18916 எண்ட சோதனை இருக்கு. அதில தேறினது எண்டு பொட்டலத்தில போட்டிருந்தால் நம்பலாம். பி.வி.சி. உறை வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் எடுங்கோ.

ஜிகினா_டப்பா

சினிமா டிக்கெட், பஸ் டிக்கெட் எல்லாம் ஒட்டலாமா?

ஒட்டுத்துண்டு

இப்ப வாற டிக்கெட்டுகள் கனக்க வெப்பத்தாள். மை இல்லை, சூட்டில கறுக்கிற பூச்சுத்தான். அது மங்கி வெறும் தாளாப் போயிடும், சில பசை பட்டால் இன்னும் கெதியா. நகல் எடுத்து நகலை ஒட்டுங்கோ. பத்திரிகைத் துண்டும் அதே கதைதான், பழுத்துப் போறதோட பக்கத்தில உள்ள படத்தையும் பழுக்க வைக்கும்.

ஜிகினா_டப்பா

தங்க எழுத்துக்கு வர்றேன். ஸ்டாம்ப் மேல எம்பாசிங் பவுடர் (சூட்டில் உருகி மேடா நிக்கிற பொடி) தூவினா எழுத்தைச் சுத்தியும் ஒட்டிக்குது. ஹேர் டிரையரில் உருகவும் மாட்டேங்குது.

தாள்வாசம்

ஹேர் டிரையரில் சூடு பத்தாது, காத்துதான் அதிகம். உருகறதுக்குள்ள பவுடர் பறந்துடும். ஹீட் கன் வேணும். ஹார்டுவேர் கடைப் பெயின்ட் உரிக்கும் கன்னா இருந்தா குறைஞ்ச நிலையில், தள்ளிப் பிடிச்சு.

சுத்தி ஒட்டுறதுக்குக் காரணம் ஈரமும் கை எண்ணெயும். கடலோர ஊர்களில் தாள் எப்பவுமே ஈரம் வாங்கித்தான் இருக்கும். ஸ்டாம்ப் பண்றதுக்கு முன்னாடி மெல்லிய துணியில் டால்கம் பவுடர் கட்டி, தாள் மேல லேசாத் தட்டுங்க. மை மெதுவா காயுற பிக்மென்ட் மையோ நிறமற்ற எம்பாசிங் மையோதான், சாதா சாய மை பவுடர் விழுறதுக்குள்ள காஞ்சிடும். பவுடரைத் தாராளமாக் கொட்டி, கவிழ்த்து, தாளின் முதுகில் விரலால் சுண்டுங்க. மிச்சம் மடிச்ச தாள் வழியா டப்பாவுக்கே போகட்டும்.

கன்னை முதல்ல காலி இடத்தில் பத்து விநாடி ஓட்டிச் சூடேத்திட்டு அப்புறம் தாள்கிட்ட கொண்டு போங்க. சொரசொரப்பா மங்கலா இருக்கிற பவுடர் சட்டுன்னு பளபளக்கும். அந்தக் கணமே அடுத்த எழுத்துக்கு நகரணும். அங்கேயே நின்னா மேடு தட்டையாகி, எழுத்தைச் சுத்தி எண்ணெய் பட்ட மாதிரி ஒரு வளையம் வரும். அது போகாது. சின்ன தமிழ் எழுத்துன்னா நைஸ் பவுடர் கேட்டு வாங்குங்க. சாதா பவுடரில் ‘ண’, ‘ஞ’ சுழியெல்லாம் அடைச்சுக்கும்.

காகிதப்பூ

எம்பாஸ் பண்ணின தாள் மேலயே பேரைத் தங்கத்தில் போடலாமா?

தாள்வாசம்

வேண்டாம். மேடு பள்ளத்தில் ஸ்டாம்ப் முழுசா படாது. முதல்ல தங்கம் போட்டுட்டு அப்புறம் ஃபோல்டரில் விட்டா உருகி இறுகின பவுடர் நொறுங்கும். 60 x 25 மி.மீ. தட்டை லேபிளில் பேரைப் போட்டு, 2 மி.மீ. ஃபோம் டேப்பில் ஜாலி மேல தூக்கி ஒட்டுங்க.

காகிதப்பூ

ஒட்டுத்தாள் வேலை செஞ்சது, ரெண்டு இதழும் வெட்டுது. ஜாலியை ஒட்டுறது எப்படி? ஃபெவிகால் வைச்சா தாள் நெளியுது, இடுக்கு வழியா பிதுங்குது.

மடிப்புக்கோடு

அதில் நீர் அதிகம். நல்ல வழி, வெட்டுறதுக்கு முன்னாடியே தாளின் முதுகில் இருபக்கப் பசைத்தாள் ஒட்டி, அதன் காப்புத்தாளோடு சேர்த்து வெட்டுறது. ஜாலியே ஸ்டிக்கராயிடும். கனம் கூடுறதால ஒட்டுத்தாளைத் தவிர வேற எதுவும் அடியில் கொடுக்காதீங்க. பத்து வெட்டுக்கு ஒரு தடவை டையைத் துடைங்க, கத்தியில் பசை ஏறும்.

பசைத்தாள் கிடைக்கலைன்னா பழைய ஓ.எச்.பி. ஷீட்டில் (தெளிவான பிளாஸ்டிக் தாள்) பசையை ஸ்பாஞ்சால் மெலிசாப் பரப்பி, ஜாலியை அதன் மேல வைச்சு எடுத்து ஒட்டுங்க.

பஞ்சிங்மேசை

தபாலில் போகுதுன்னா எடையையும் பாருங்க. ஏ6-ஆ மடிக்கிற ஏ5 அடித்தாள் 300 ஜி.எஸ்.எம்.-ல் 9.3 கிராம். 99 x 142 அடுக்கு 250-ல் மூணரை. ஜாலி ஒன்றரை ரெண்டு. சி6 உறை சாதா 100 ஜி.எஸ்.எம்.-ல் நாலரை அஞ்சு. லேபிள், ஃபோம் டேப் சேர்ந்தா 20 கிராம் முதல் படியைத் தாண்டிடும், 40 உறைக்கும் அடுத்த படித் தபால்தலை. அடித்தாளை 250-க்கு இறக்கினா ஒன்றரை கிராம் மிச்சம், அது போதும். முதல் அட்டை முடிஞ்சதும் உறையோட டிஜிட்டல் தராசில் போட்டுப் பார்த்துட்டு மிச்சத்தை வெட்டுங்க.

தாள்வாசம்

ஜாலி முகப்புல ஒரு பட்டர் பேப்பர் துண்டும் வைங்க, இல்லன்னா உறைக்குள்ள நுழைக்கும்போதே நுனி மாட்டி மடங்கும். அதையும் சேர்த்து எடை போடுங்க.

காகிதப்பூ

அடித்தாள் 250-க்கு மாத்திட்டேன். பட்டர் பேப்பரும் சேர்த்து 19.2 வருது.